போடாத ஒரு ஃபோன்

தென் கொரியாவின் சாங்வொன் நகரத்தில் பாங் மிசொன் வேலை பார்த்த அடுக்குமாடிக் குடியிருப்பில், லிஃப்ட்டில் நாய் ஒன்றுக்குப் போனாலும் அவளுக்குத்தான் தகவல் வரும். மேல்வீட்டுக்காரன் நேரங்கெட்ட நேரத்தில் துணி துவைத்தாலும் அவளுக்குத்தான். மேஜையில் கணக்காளர் என்று பலகை இருக்கும், ஆனால் கணக்கு பார்ப்பது அவள் வேலையில் கால்வாசி கூட இல்லை. புகார்களைப் பொறுக்கி எடுக்க வேண்டும், எதை யார் தலையில் கட்டுவது என்று முடிவு செய்ய வேண்டும், கட்டியது நடந்ததா என்று விரட்ட வேண்டும், நடந்ததைக் குடியிருப்போர் சங்கத்துக்கு மெயிலில் சொல்ல வேண்டும், அதையே திரும்ப வாரக் கடைசியில் எக்செலில் ஏற்ற வேண்டும். வயது நாற்பத்து மூன்று. கணவன் வியட்நாமில் ஒரு தொழிற்சாலைக்குச் சூப்பர்வைசராகப் போனவன், அங்கேயே இன்னொரு குடும்பமும் பார்த்துக்கொண்டான். மகள் பூசானில் நர்சிங் படிக்கிறாள். இந்த வேலை போனால் இந்த வயதில் வேறு யாரும் கூப்பிட மாட்டார்கள் என்பது மிசொனுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பது மேனேஜர் யோவுக்கும் தெரியும்.

பழுது பார்க்கிறவர் கூ பொன்சிக். ஐம்பதைத் தாண்டிய, வாய் ஓயாத மனிதர். எங்கே வேலைக்குப் போனாலும் மெசஞ்சர் குழுவில் ஒரு வரி போட்டுவிட்டுத்தான் போவார். குழுவில் மூன்றே பேர், கூ, யோ, மிசொன். கூ போட்டதுமே மிசொன் பதில் போடுவாள்: "சரிங்க, பார்த்துட்டேன். ஜாக்கிரதையா வேலை பாருங்க." கூடவே, தலை குனிந்து கும்பிடுகிற முயல் படம் ஒன்று. பதில் போடாமல் விட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்ட மாதிரி ஆகிவிடும். மழை தூறுகிறது என்று மேனேஜர் போட்டாலும் "சரிங்க, பார்த்துட்டேன்" போட்டே ஆக வேண்டும். எல்லா அலுவலகத்திலும் அப்படித்தான்.

கூ நிலத்தடிப் பம்புக் குழியில் இறங்குகிற நாளில் மட்டும் மிசொன் இன்னொரு காரியமும் செய்வாள். முயலை அனுப்பிய கையோடு எழுந்து போய், காபி மெஷினுக்குப் பக்கத்துச் சுவரில் இருந்த பழைய இன்டர்காமை எடுப்பாள். அந்தப் பக்கம் காவல் அறையில் மா தொக்சு இருப்பார். ஓய்வு பெற்ற பஸ் டிரைவர், எழுபதை நெருங்குகிறவர். பம்புகளின் சுவிட்ச் எல்லாம் அவர் தலைக்கு மேல் இருக்கிற பலகையில்தான். குழியில் தண்ணீர் ஏறினால் மணி அடிக்கும். பம்பு ஓடாமல் கிடந்தால் அவர் தட்டிவிட வேண்டும். அவரிடம் இருந்தது மடக்கு ஃபோன். "குழுவெல்லாம் வேண்டாம்மா, என் கட்டைவிரல் ஒரே நேரத்துல மூணு எழுத்தை அமுக்குது" என்று சொல்லிவிட்டார். அதனால்தான் இந்த இன்டர்காம்.

"ஐயா, ஏழாம் பிளாக் பம்பு. அணைச்சு வையுங்க. நான் திரும்பச் சொல்ற வரைக்கும் மணி அடிச்சாலும் கை வைக்காதீங்க."

"அணைச்சாச்சும்மா. சாப்பிட்டீங்களா?"

"இப்பதான் வந்தே உக்காந்தேன் ஐயா."

"அதனால என்ன. நான் ரெண்டு தடவை சாப்பிட்டாச்சு."

ஒரு தடவை கூட இது தவறியதில்லை. சுவிட்சுக்குப் பூட்டுப் போட்டு எச்சரிக்கைப் பலகை தொங்கவிட வேண்டும் என்று பயிற்சி வீடியோவில் சொல்வார்கள். பூட்டு ஒன்று இருக்கவும் செய்தது. அதன் சாவியைப் பார்த்தவர்கள் யாரும் இப்போது அங்கே வேலையில் இல்லை. பூட்டுக்குப் பதிலாக மிசொன்தான் இருந்தாள்.

அந்த வருஷம் சங்கம் கூடி, அலுவலகத்தில் இரண்டு பெண்கள் எதற்கு, ஒருத்தி போதும் என்று முடிவு செய்தது. இளையவளை அனுப்பினார்கள். அவள் பார்த்த வேலையும் மிசொன் தலையில் விழுந்தது. குடியிருப்பைப் பார்த்துக்கொள்கிற நிர்வாகக் கம்பெனி அதற்கு ஈடாக ஒரு ஏஐ உதவியாளைக் கொடுத்தது. புகார் செயலி, மெசஞ்சர், மெயில், எக்செல் நாலையும் அது ஒன்றாகக் கோத்துக்கொள்ளும். என்ன செய்ய வேண்டும் என்று பேச்சு வழக்கில் எழுதினாலே போதும்.

"கடைக்குட்டி வேலைக்கு வந்துட்டா பாங் மேடம். இவளுக்குக் காபி மட்டும்தான் கலக்கத் தெரியாது" என்றார் யோ.

மிசொன் பயந்துகொண்டுதான் ஆரம்பித்தாள். ஒரு வாரத்தில் அவளுக்கே ருசி கண்டுவிட்டது. புகார் வந்தால் ரகம் பிரித்து எக்செலில் ஏற்று, தண்ணீர்க் கசிவு என்றால் கூவுக்குத் தள்ளு, வெள்ளிக்கிழமை சங்கத்துக்கு மெயில் எழுதி வை. ஒவ்வொன்றாக அவள் சொல்லச் சொல்ல அது வாங்கிக்கொண்டது. உங்கள் வேலைகளை எல்லாம் எழுதிக் கொடுங்கள் என்று கம்பெனி கேட்டிருந்தது. உட்கார்ந்து பக்கம் பக்கமாக எழுதினாள். இன்டர்காம் அதில் இல்லை. மறைக்கவில்லை. அது ஒரு வேலை என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. மூச்சு விடுவதை யார் வேலை என்று எழுதுவார்கள்?

ஒருநாள் உதவியாளே ஒரு யோசனை சொன்னது. பழைய செய்திகளை எல்லாம் படித்திருக்கிறது. கூ பொன்சிக் அனுப்புகிற தகவல்களுக்கு நீங்கள் எப்போதும் ஒரே பதிலைத்தான் அனுப்புகிறீர்கள், இனி நானே அனுப்பட்டுமா என்று கேட்டது. மிசொனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கையும் களவுமாகப் பிடிபட்ட மாதிரி இருந்தது. ஆம் என்று தட்டினாள். முயலோடு சேர்த்தா என்று கேட்டது. அதற்கும் ஆம்.

அவள் தப்பு பண்ணிய இடம் இதுதான் என்று இப்போது யார் வேண்டுமானாலும் சொல்லலாம். அன்றைக்கு அந்த அறையில் நாம் இருந்திருந்தாலும் தட்டியிருப்போம். பதினாலு வருஷத்தில் முதல் தடவையாக அவள் வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்குப் போனாள். நீச்சல் வகுப்பில் சேர்ந்தாள். மகளுடன் ஃபோனில் பேசும்போது பக்கத்தில் வேறு எதுவும் டிங் டிங் என்று அடிக்கவில்லை, ஏனென்றால் குழுவின் சத்தத்தையே அணைத்து வைத்திருந்தாள்.

"இப்பல்லாம் நான் பட்டனை விட்டுக் கையை எடுக்கறதுக்குள்ள பதில் வருதே மேடம். ஃபோனைக் கையோட வெச்சுத் தெச்சுட்டீங்களா?" என்று கூ சாப்பாட்டு நேரத்தில் கிண்டல் செய்தார்.

மிசொன் சிரித்து மழுப்பினாள். ஆட்களுக்குச் சொல்ல வேண்டாம் என்பது யோவின் உத்தரவு. "மெஷின் பதில் சொல்லுதுன்னு தெரிஞ்சா மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்குவாங்க. மரியாதைக் குறைச்சலா நினைப்பாங்க." அதுவும் சரிதானே என்று பட்டது. தவிர, வேகமான ஆள் என்று பேர் வாங்குவது யாருக்குக் கசக்கும்?

வசந்த காலத்தில் பம்பு வேலை அதிகம் கிடையாது. குழுவைத் தற்செயலாகத் திறந்தபோது பம்பு என்ற சொல் கண்ணில் பட்டால் எழுந்து போய் இன்டர்காமை எடுப்பாள். ஒவ்வொரு தடவையும் கண்ணில் பட்டது. பிறகு மழைக்காலம் வந்தது.

அன்று காலையிலிருந்து விடாத மழை. கம்பெனியின் தலைமை அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். எல்லாக் குடியிருப்புகளுக்கும் இந்த உதவியாளைக் கொடுக்கப் போகிறார்கள், அதற்கு முன்னால் மிசொன் எப்படிச் செய்கிறாள் என்று பார்க்க வேண்டுமாம். யோ புது டை கட்டியிருந்தார். பெரிய திரையில் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. மிசொன் திரைக்கு முதுகைக் காட்டி நின்று விளக்கிக்கொண்டிருந்தாள். பேச்சில் தடுமாறவில்லை. அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. இத்தனை வருஷத்தில் யாரும் அவள் வேலையை இவ்வளவு நேரம் உட்கார்ந்து கேட்டதில்லை.

திடீரென்று வந்தவர்களில் ஒருவர் கை தட்டினார். "பாத்தீங்களா, இப்பவே ஒண்ணு வந்துச்சு. கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள பதில் போயிடுச்சு." மற்றவரும் தட்டினார். யோவும் தட்டினார். மிசொன் திரும்பிப் பார்த்தாள். முயல் கும்பிட்டுக்கொண்டிருந்தது. மேலே கூவின் பெயர் இருந்தது. பெயருக்குக் கீழே இருந்ததைப் படித்தாளா? அதைத்தான் அவள் இன்று வரைக்கும் தன்னைக் கேட்டுக்கொள்கிறாள். வெட்கத்தில் காது சிவந்து, குனிந்து வணக்கம் சொன்னது மட்டும்தான் நினைவில் இருக்கிறது.

கூ எழுதியிருந்தது இதுதான். "ஏழாம் பிளாக் குழி. பம்புல ஏதோ துணி சிக்கிட்டிருக்கு. இறங்குறேன். சுவிட்சை அணைச்சு வெக்கச் சொல்லுங்க."

துணி சிக்கியதால் பம்பு ஏற்கெனவே தானாக நின்று போயிருந்தது. பம்பு ஓடும்போது எரிகிற, குழியின் ஓரத்து விளக்கு அணைந்திருந்தது. கூ அந்த விளக்கையும் பார்த்தார், ஃபோனில் வந்த பதிலையும் பார்த்தார். மா அணைத்துவிட்டார் என்று நினைத்தார். வேறு என்ன நினைக்க முடியும்? இறங்கி, வலது கையை உள்ளே விட்டார்.

மேலே காவல் அறையில் மணி அடித்தது. தண்ணீர் ஏறுகிறது, பம்பு ஓடவில்லை. மா தொக்சு பலகையைப் பார்த்தார். யாரும் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. இப்படி நடந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்களோ அதையே செய்தார். சுவிட்சைத் தட்டினார்.

கூவின் உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. வலது கையில் கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது.

மறுநாள் யோ மிசொனைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். மிக்ஸ் காபி பாக்கெட்டைக் கிழித்துத் தானே கலக்கிக் கொடுத்தார். அவர் யாருக்கும் காபி கலந்து அவள் பார்த்ததில்லை.

"இன்டர்காம்ல சொல்லியிருப்பீங்களே மேடம்."

"இல்ல சார். நான் அங்கதானே நின்னு பேசிட்டிருந்தேன். நீங்களும் இருந்தீங்களே."

"நடுவுல ஒரு தடவை வெளியில போனீங்க."

"அவங்களுக்குக் காபி எடுத்துட்டு வரப் போனேன்."

"காபி மெஷினுக்குப் பக்கத்துலதான இன்டர்காம் இருக்கு."

மிசொன் அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் கரண்டியால் காபியைக் கலக்கிக்கொண்டே இருந்தார்.

"அதுல எதுவும் பதிவாகாது. பழைய பெட்டி. நான் உங்களைப் பொய் சொல்லச் சொல்லல. எப்பவும் சொல்ற ஆளு, அன்னைக்கும் சொல்லியிருப்பீங்கன்னு நான் சொல்லிக்கறேன். நீங்க மறுத்துப் பேசாம இருந்தா போதும்."

"மா ஐயா என்ன ஆவாரு சார்?"

"வயசானவரு. மறதிங்கறது குத்தமா? யாரும் அவரை ஜெயில்ல போட மாட்டாங்க. மெஷின்தான் பதில் சொல்லிச்சு, யாருமே படிக்கலைன்னு வெளியில வந்தா என்ன ஆகும், அதை யோசிங்க. கை தட்டின ரெண்டு பேரும் தட்டலைம்பாங்க. நானும் தட்டலை. ஆம்னு அமுக்கினது யாரோட விரல்?" காபியை அவள் பக்கம் நகர்த்தினார். "உங்க பொண்ணுக்கு இன்னும் எத்தனை வருஷப் படிப்பு?"

விசாரணைக்குத் தொழிலாளர் துறையிலிருந்து ஓர் இளம் அதிகாரி வந்தார். எல்லோரையும் ஒரே மேஜையில் உட்கார வைத்தார். மா தொக்சு சீருடையின் மேல் பொத்தான் வரை போட்டுக்கொண்டு, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அன்னைக்கு எனக்கு யாரும் சொல்லலைங்க" என்றார். கேட்டவுடனே, யோசிக்காமல் வந்த பதில். சத்தியமான பதில்.

அதிகாரி கூவின் ஃபோன் திரையின் படத்தைக் காட்டினார். "இந்தம்மா பாத்துட்டேன்னு பதில் போட்டிருக்காங்களே. வழக்கமா இதுக்கப்புறம் உங்களுக்கு இன்டர்காம்ல சொல்வாங்களா?"

"சொல்வாங்க."

"சொல்லாம விட்டது உண்டா?"

"ஒரு நாளும் இல்லைங்க. சாப்பாட்டு நேரமா இருந்தாக்கூடக் கரண்டியைக் கீழ வெச்சுட்டு வந்து சொல்வாங்க."

"அப்ப அன்னைக்கு மட்டும் ஏன் சொல்லாம இருக்கப் போறாங்க?"

மா, பழுதான ரேடியோவைத் தட்டிப் பார்க்கிற மாதிரி, விரல் முட்டியால் தன் நெற்றியை மெதுவாகத் தட்டினார். அப்புறம் மிசொன் பக்கம் திரும்பினார். கோபமே இல்லை அவர் பார்வையில். வழி கேட்கிறவரின் பார்வை.

"பாங் மேடம், சொன்னீங்களாம்மா?"

"அவங்க சொல்லாம இருப்பாங்களா ஐயா" என்றார் யோ, ரொம்ப அன்பாக.

மிசொன் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேஜையில் ஒரு மிக்ஸ் காபி பாக்கெட்டின் கிழிந்த மூலை ஒட்டியிருந்தது. அதை நகத்தால் சுரண்டினாள். யாராவது அவளை நேராக ஒரு கேள்வி கேட்டிருந்தால் உண்மை வந்திருக்கும் என்று அவள் பிறகு பல தடவை நினைத்துக்கொண்டாள். ஆனால் நேராகக் கேட்டவர் மா தொக்சுதான். அவருக்கே அவள் பதில் சொல்லவில்லையே.

"அப்ப சொல்லியிருக்காங்க" என்றார் மா. "இவங்க சொல்லாம விடற ஆள் இல்லைங்க. என் மண்டைதான் போச்சு."

இத்தனை வருஷம் ஒரு நாள் தவறாமல் அவள் எடுத்த இன்டர்காம்தான் அவருக்கு எதிரான சாட்சி. அவளுடைய ஒழுங்கை வைத்தே அவரைக் குத்தினார்கள், அவரும் நெஞ்சைக் காட்டினார்.

அன்று மதியம் கம்பெனியிலிருந்து செய்தி வந்தது. பம்பு என்ற சொல் வந்தால் காவல் அறைக்கும் தகவல் போகிற மாதிரி உதவியாளுக்குச் சொல்லி வையுங்கள், அங்கே ஒரு டேப்லெட் அனுப்புகிறோம் என்று. மிசொன் எழுதினாள். மூன்று வரி. அது உடனே புரிந்துகொண்டது. அவ்வளவுதான் வேண்டியிருந்தது. அந்த மூன்று வரியைப் பார்த்துவிட்டு, கழிவறைக்குப் போய் வாயில் துண்டை அடைத்துக்கொண்டு அழுதாள்.

ஆஸ்பத்திரிக்குப் போனாள். போய்ச் சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் ஜூஸ் பெட்டியைக் கையில் எடுத்தாள். கூ தலையணையில் சாய்ந்து இடது கையால் டிவி ரிமோட்டை அமுக்கப் பழகிக்கொண்டிருந்தார்.

"வாங்க மேடம். இனிமே நானும் மா ஐயா மாதிரிதான், ஒரே கட்டைவிரல்" என்றார். அவர் மனைவி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"அந்தாளு பேச்சை எடுக்காதீங்க" என்றாள். "நேத்து வந்து இங்க, இதே தரையில, மண்டி போட்டு உக்காந்துட்டாரு. எழுந்திருக்கவே மாட்டேங்கறாரு. கொண்டு வந்த பெட்டியைத் தூக்கி வெளியில எறிஞ்சேன். பொறுக்கிட்டுப் போனாரு."

"நீங்க உங்க வேலையைச் செஞ்சீங்க மேடம்" என்றார் கூ. "பதில் வந்துச்சு, அதைப் பாத்துட்டுத்தான் கையை விட்டேன். உங்க மேல எனக்கு ஒண்ணுமில்ல. நீங்க இதை நினைச்சு நினைச்சு உடம்பைக் கெடுத்துக்காதீங்க."

மிசொன் ஜூஸ் பெட்டியைக் கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டுச் சொல்ல ஆரம்பிக்கப் போனாள். அந்த நேரம் பார்த்து கூவின் மனைவி ஒரு பேரிக்காயைத் தோல் சீவி, துண்டு போட்டு, முள்கரண்டி குத்தி அவளிடம் நீட்டினாள். "சாப்பிடுங்க. முகம் வெளுத்துப் போச்சு உங்களுக்கு." மிசொன் வாங்கிக்கொண்டாள். ஒரு துண்டு கூட விடாமல் தின்றாள். அதற்குப் பிறகு எந்த வாயால் சொல்வது?

காவலாளிகளுக்கு மூன்று மாத ஒப்பந்தம்தான். மாவின் ஒப்பந்தம் முடிந்தது, புதுப்பிக்கவில்லை. அவர் ஏன் என்று கேட்கவில்லை. கடைசி நாளில் ஒவ்வொரு மேஜையாக வந்து குனிந்து வணங்கிவிட்டுப் போனார். மிசொனின் மேஜையில் கொஞ்சம் கூடுதலாகக் குனிந்தார். "என்னால உங்களுக்கும் கெட்ட பேரும்மா" என்றார்.

சுகாதார மையத்தின் ஞாபக மறதிப் பிரிவில் அவருக்குப் பரிசோதனை நடந்ததாகவும், எல்லாக் கேள்விக்கும் சரியாகப் பதில் சொன்னதாகவும் கேள்விப்பட்டாள். இந்த ஒரு செய்தி அவளை நிம்மதியாக இருக்க விடவில்லை. அறுவடைப் பண்டிகை முடிந்த பிறகு ஒரு சனிக்கிழமை, ஒரு பெட்டி திராட்சை வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனாள்.

கதவைத் திறந்தது மகள் யுன்ஜு. பரிசோதனை என்ன சொன்னாலும் அப்பா தன் மண்டையை நம்புவதில்லை, தனியாக விட முடியாது என்று வேலையைப் பாதி நேரமாகக் குறைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். அடுப்பின் திருகுகளைக் கழற்றி மேல் அலமாரியில் வைத்திருந்தாள். மா கூடத்தில் உட்கார்ந்து டிவியில் பழைய பாடகர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்தில் கயிறு கட்டி, அதில் பேரும் மகளின் ஃபோன் எண்ணும் எழுதிய அட்டை. நாலு மாதத்தில் பத்து வயது கூடியிருந்தது.

"அட, பாங் மேடம். சாப்பிட்டீங்களா?"

"ஐயா, நான் ஒண்ணு சொல்ல வந்தேன்." உட்காராமல், நின்றபடியே சொன்னாள். உட்கார்ந்தால் வராது என்று பயம். "அன்னைக்கு நான் உங்களுக்குச் சொல்லவே இல்ல. இன்டர்காமை எடுக்கவே இல்ல. உங்களுக்கு மறதி எதுவும் இல்ல ஐயா. நீங்க முதல்ல சொன்னதுதான் நிஜம்."

மா டிவியின் சத்தத்தைக் குறைத்தார். "ஆனா கூவுக்குப் பதில் போட்டீங்களே."

"அது நான் போட்டதில்ல. மெஷின் போட்டது. நான் படிக்கக்கூட இல்ல."

அவர் ரிமோட்டைக் கீழே வைத்தார். அப்புறம் சிரித்தார். அவ்வளவு கனிவான சிரிப்பு.

"கூவோட ஃபோன் படத்தை அந்த அதிகாரி எனக்குக் காட்டினாரும்மா. ஜாக்கிரதையா வேலை பாருங்கன்னு போட்டிருக்கீங்க. ஒரு முயல்குட்டி வேற குனிஞ்சு கும்பிடுது. மெஷினுக்கு எங்கேருந்து வரும் அந்த மனசு?" மகளைப் பார்த்தார். "பாத்தியா யுன்ஜு, நான் சொல்வேன்ல. நல்ல மனசு. கிழவன் நொந்து போயிருக்கான்னு தன் தலையில எடுத்துப் போட்டுக்க வந்திருக்கு."

"இல்ல ஐயா, நான் நிஜமாத்தான் சொல்றேன்."

"சரிம்மா, சரி. உக்காருங்க. திராட்சை தின்னலாம்."

மூன்று தடவை சொன்னாள். மூன்று தடவையும் அவர் நன்றி சொன்னார்.

புறப்படும்போது யுன்ஜு வாசல் வரை வந்து, செருப்பு மாட்டுகிறவளிடம் தணிந்த குரலில் கேட்டாள். "அக்கா, இப்ப சொன்னீங்களே, அது நிஜமா?"

"நிஜம்."

"அப்ப அந்த அதிகாரிகிட்ட வந்து சொல்லுங்க. நாளைக்கே போவோம். எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. எங்கப்பா அதைப் பாத்தா நம்புவாரு."

மிசொன் செருப்பின் வாரை இழுத்தாள். அது சரியாகத்தான் இருந்தது. மறுபடி கழற்றி மறுபடி இழுத்தாள். மகளின் கட்டணம், யோ கலந்து கொடுத்த காபி, பேரிக்காய், கை தட்டிய இரண்டு பேர், எல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாக வந்து உட்கார்ந்தன.

"எனக்குக் கொஞ்சம் நாள் குடும்மா" என்றாள்.

யுன்ஜு தலையை ஆட்டினாள். இதை எதிர்பார்த்தவள் மாதிரி இருந்தது. "வெளியில சொல்ல முடியாததை எதுக்கு அவர்கிட்ட மட்டும் வந்து சொன்னீங்க? உங்க பாரம் இறங்கறதுக்கா? இன்னைக்கு ராத்திரி தூங்காம இதையே நோண்டிட்டு இருப்பாரு. இப்பதான் ஒரு வழியா ஒத்துக்கிட்டு அமைதியாயிருக்காரு." கதவைப் பாதி சாத்தினாள். "நீங்க அப்படி எதுவும் பேசவே இல்லைன்னு சொல்லிடப் போறேன். நீங்களும் அப்படியே வெச்சுக்குங்க."

பஸ் நிறுத்தத்தில் வேறு யாரும் இல்லை. பெஞ்சில் உட்கார்ந்ததும் அவள் ஃபோன் அடித்தது. மடக்கு ஃபோனிலிருந்து வருகிற அந்தக் கரகரப்பு.

"பாங் மேடம், நான் மா பேசறேன். கொஞ்சம் முன்ன நீங்க எங்க வீட்டுக்கு வந்தீங்களா?"

"வந்தேன் ஐயா."

"திராட்சை கொண்டு வந்தீங்க."

"ஆமா ஐயா."

"அதுவும் சரி. அப்ப ரெண்டு சரி." மூச்சு விட்டார். "இப்பல்லாம் யார் வந்துட்டுப் போனாலும் இப்படி ஒரு தடவை கேட்டு வெச்சுக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. இன்னொண்ணு இருக்கும்மா. அன்னைக்கு நீங்க எனக்குச் சொல்லவே இல்லைன்னு சொன்ன மாதிரி ஞாபகம் இருக்கு. நல்லாவே ஞாபகம் இருக்கு. நீங்க நின்னுக்கிட்டே சொன்னீங்க. யுன்ஜு என்னடான்னா அப்படி ஒரு பேச்சே நடக்கலைங்கறா. எது சரின்னு கேக்கத்தான்."

ஃபோனில் பின்னணியில் தண்ணீர்க் குழாய் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது நின்றது.

ஒரு வார்த்தை போதும். உங்கள் ஞாபகம் சரி ஐயா என்று சொன்னால் போதும், அந்த மனிதர் தன் மண்டையைத் திரும்ப எடுத்துக்கொள்வார். நாளைக்கே அலுவலகத்துக்கு வந்து நிற்பார். அதிகாரியிடம் போவார். ஊர் முழுக்கச் சொல்லுவார். மிசொன் வாயைத் திறந்தாள்.

"நான் என்ன பேசினேன்னு... எனக்கே சரியா ஞாபகம் இல்லைங்க ஐயா."

அப்புறம் மா தொக்சுவின் குரல் தணிந்து, இரக்கத்தோடு வந்தது.

"ஐயோ பாவமே. இந்த வயசுலயா உங்களுக்கு? இவ்வளவு சின்ன வயசுல வரக்கூடாதேம்மா." குரலை இன்னும் தணித்தார், பக்கத்தில் யாருக்கும் கேட்கக்கூடாது என்பது போல. "பயப்படாதீங்க. சுகாதார மையத்துல போய்ப் பாத்துடலாம். ஊசியெல்லாம் கிடையாது, கேள்விதான் கேப்பாங்க. இன்னைக்கு என்ன கிழமை, நூறுலேருந்து ஏழைக் கழிச்சா என்னன்னு. தனியாப் போறதுக்கு ஒரு மாதிரிதான் இருக்கும். நான் கூட வர்றேன்மா. வழி எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."